தோளில் தெரியும்படி

சுற்றுநிலையம், செவ்வாய்க் கோள்
பதிவு: ரெஜினா பர்னாந்து, நிலையப் பொறுப்பாளர்

பணிநாள் 96. காலை 07:40

நிலையம் சீராக இருக்கிறது. காற்றழுத்தம் சரி. இரண்டாவது வடிகட்டியில் பாசி ஏறியிருந்தது, கழுவி மாட்டினேன். தென்பகுதிப் புழுதிப் படலம் கலைந்துவருகிறது.

இங்கே நான் தனியாள். கீழே புதுக்கரையில் தொள்ளாயிரம் பேர், பாறைக்கு அடியில் குடைந்த இரண்டு குகைகளில் வாழ்கிறார்கள். பூமியிலிருந்து வரும் கலங்களை வழிகாட்டித் தரை இறக்குவது என் வேலை. தரையிலிருந்து அதே வேலையைச் செய்பவள் கோமதி. நிலையம் புதுக்கரையின் தலைக்கு மேல் கடக்கும் நேரங்களில் அவளோடு பேசலாம்.

கோமதி: “யக்கா, பனிக்கட்டி உருக்குத தண்ணியில பாதிய மேல்குகைக்காரவளே புடிச்சிக்கிடுதாவளாம். கீழ்குகையில ஒரே சத்தம். நாளைக்குச் சாப்பாட்டுக்கூடத்துல கூட்டம். உங்க வீட்டுக்காரரும் பேசப் போறாராம்.”

என் கணவர் செல்வின் பள்ளியில் கணக்கு வாத்தியார். நாங்கள் மேல்குகை. கூட்டத்தில் பேசுவது என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். பேசட்டும்.

பணிநாள் 98. மாலை 16:10

நேற்றைய கூட்டத்தில் அடிதடி. யாரோ வீசிய குழாய்த்துண்டு தலையில் பட்டுக் கீழ்குகைக்காரர் ஒருவர் இறந்துபோனார். செல்வினுக்கு ஒன்றுமில்லை. ஊர்க்குழுவின் அறிவிப்பு எனக்கும் வந்தது:

“அமைதி திரும்பும்வரை, வயது வந்த எவரும் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அது பிறர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மறைத்து வைத்திருப்பது மட்டுமே குற்றம்.”

தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடி ஓடவிட்டேன். சரியாகத்தான் கேட்டிருக்கிறேன். குழாய்த்துண்டால் ஒருவர் செத்தார். அதற்கு வைத்தியம், ஊருக்கெல்லாம் துப்பாக்கி. போன வாரம்வரை புதுக்கரையில் ஒரு துப்பாக்கி கிடையாது. இப்போது பட்டறையில் துளைக்குழாய்களை அறுத்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். வடிகட்டிக்கு ஒரு சட்டகம் செய்து அனுப்பக் கேட்டேன். நேரமில்லை என்றார்கள்.

பணிநாள் 103. காலை 10:25

செல்வின் திரையில் வந்தார். தோளில் துப்பாக்கி. அதன் வாரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. கோயிலுக்குப் போகும்போது நான் கொண்டுபோகும் கைப்பையின் வார். அறுத்து எடுத்திருக்கிறார்.

செல்வின்: “நல்ல உறுதியான வாரு ரெஜி. வீட்டுல சும்மாதான கெடந்துது. இப்பம் தண்ணி வரிசையில ஒருத்தனும் முண்டுறதில்ல, தெரியுமா? ‘நீங்க முன்னால போங்க சார்’னுதான் சொல்லுதானுவ. ஊரே மரியாதையாயிட்டு.”

பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டினார். புதுச்சட்டை போட்ட பிள்ளை நிற்பதுபோல. கரப்பான் பூச்சிக்கு என்னைக் கூப்பிட்ட மனிதர் இவர். பாடம் நடத்தும்போது அதைக் கரும்பலகைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைக்கிறாராம். பிள்ளைகள் சத்தமில்லாமல் கணக்குப் போடுகிறார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

திரையை அணைத்துவிட்டு வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன்.

பணிநாள் 109. பகல் 12:50

கோமதி துப்பாக்கி எடுக்கவில்லை. “கலத்த எறக்க எனக்கு ரெண்டு கையும் வேணும்லா யக்கா” என்று போன வாரமே சொல்லியிருந்தாள். இப்போது அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது. எல்லாரும் வெளியே தெரியும்படி வைத்திருக்கும் ஊரில், வெளியே தெரியாதவர்கள் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. வெறுங்கையோடு நடப்பவர்களை நிறுத்திச் சோதிக்கிறார்கள்.

கோமதி: “சாப்பாட்டுக்கூடத்துல வச்சு மேல்சட்டையக் கழத்தச் சொன்னாவ. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாவ யக்கா. நான் சும்மா வேடிக்கைக்குச் சொல்லுதாவன்னு நெனச்சேன். செல்வின் சாரு பக்கத்துலதான் நின்னாரு. தட்டுல குழம்பு ஊத்திக்கிட்டு இருந்தாரு.”

சொல்லிவிட்டு, அடுத்த மருந்துக் கலம் வரும் நேரத்தை வாசித்துக் காட்டினாள்.

செல்வினைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

செல்வின்: “தெரிஞ்சவங்கிறதுக்காகச் சட்டத்த மாத்த முடியுமா? ஒண்ண எடுத்து மாட்டிக்கிட்டா யாரும் தொடப்போறதில்ல. அவளுக்குப் பிடிவாதம் ரெஜி.”

சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். குழம்பு நன்றாக இருந்ததாம். இனி இவனை ‘அவர்’ என்று எழுத எனக்கு விரல் வரவில்லை.

பணிநாள் 117. காலை 08:15

மருந்துக் கலம் இறங்கும் நாள். தரைக் கட்டுப்பாட்டு அறைக்குப் பாதுகாப்பு என்று மேல்குகையிலிருந்து சிலர் வந்திருக்கிறார்கள். மேல்குகை வந்தால் நாங்களும் வருவோம் என்று கீழ்குகையிலிருந்து சிலர். நான்கு பேர் நிற்கவே இடம் போதாத அறை அது. மேல்குகை ஆட்களில் செல்வினும் ஒருவன்.

கோமதி: “அண்ணே, கொஞ்சம் வெளிய நில்லுங்க. எனக்குத் திரை மறைக்கு.”

யாரோ: “அவன் போகட்டும், நான் போறேன்.”

08:31. கலம் காற்று மண்டலத்தில் நுழைந்தது. கோமதி உயரத்தை வாசிக்கிறாள். குரலில் நடுக்கமில்லை.

08:34. ஏதோ கீழே விழுந்த சத்தம். தண்ணீர்ப் புட்டியாக இருக்கலாம். பிறகு வெடி. அடுத்தடுத்து வெடி.

08:35. கோமதி உயரத்தை வாசிக்கவில்லை. கலத்தை இறக்கும் கட்டுப்பாட்டை நானே எடுத்துக்கொண்டேன்.

08:42. கலம் தரையைத் தொட்டது. சேதமில்லை. அறையிலிருந்து ஒரே கூச்சல். ஆளாளுக்கு ஒன்றையே சொல்கிறார்கள். நான் சுடல. நான் சுடல.

பணிநாள் 117. மாலை 17:30

கோமதி இறந்துவிட்டாள். கூடவே இன்னும் மூன்று பேர்.

செல்வின்: “நான் சுடல ரெஜி. சத்தியமா. என் துப்பாக்கியில குண்டெல்லாம் அப்படியே கெடக்கு.”

கோமதிக்கு எப்படிப் பட்டது என்று கேட்டேன்.

செல்வின்: “அவ குறுக்க வந்துட்டா.”

அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தரையோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கிய நாற்காலி அது. அது யாருக்கும் குறுக்கே வராது.

பணிநாள் 119. காலை 09:00

ஊர்க்குழுவின் விசாரணை முடிந்தது. செய்தி அப்படியே:

“சம்பவ இடத்தில் இருந்த ஆயுதங்கள் அனைத்தும் வெளியில் தெரியும்படியே இருந்தன. விதிமீறல் எதுவும் இல்லை. இறந்த கோமதியின் உடலைப் பரிசோதித்ததில், மறைத்து வைத்த ஆயுதம் ஏதும் இல்லை என்பது உறுதி செய்யப்பட்டது.”

செத்த பிறகும் சோதித்திருக்கிறார்கள்.

அறையில் இருந்த கருவிகள் எல்லாம் குண்டுபட்டுப் பாழ். இனிமேல் எந்தக் கலத்தையும் இந்த நிலையத்திலிருந்து மட்டுமே இறக்க முடியும். அடுத்து வருவது சரக்குக் கலம் அல்ல. அறுபது பேர் வருகிறார்கள், பாதி பிள்ளைகள். நான் எச்சரித்து அனுப்பிய செய்திக்குப் பதில் வந்தது. திரும்பிப் போக அவர்களிடம் எரிபொருள் இல்லை. இறங்கித்தான் ஆக வேண்டும்.

பணிநாள் 124. பகல் 14:20

கீழிருந்து ஒரு சிறுகலம் புறப்பட்டு வருகிறது. எனக்கு உதவியாக ஒரு தொழில்நுட்பரை அனுப்புவதாக ஊர்க்குழு சொன்னது. நம்பினேன். கலத்தை நானே வழிகாட்டிக் கொண்டுவந்து நிலையத்தோடு பூட்டினேன்.

கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூன்று பேர். மூன்று பேர் தோளிலும் துப்பாக்கி. மேல்குகையிலிருந்து ஹென்றி, கீழ்குகையிலிருந்து மாசானம். கோமதி செத்தபோது அந்த அறையில் இருந்தவர்கள். மூன்றாவது ஆள் என் புருஷன். நான் கதவு திறக்க வேண்டுமே என்று அவனை அனுப்பியிருக்கிறார்கள்.

செல்வின்: “நிலையத்துக்குக் காவல் போடச் சொல்லியிருக்காவ ரெஜி. ரெண்டு பக்கமும் ஆளு இருந்தாத்தான் நியாயம்னு முடிவாச்சு. கதவத் தொற.”

என் நிலையத்தின் சுவர் விரல்தடிமன் உலோகம். அதற்கு அப்பால் வெற்றிடம். ஒரு குண்டு போதும். பிறகு அந்த அறுபது பேரை இறக்க ஆளில்லை.

நான் அனுப்பியது: “மூணு துப்பாக்கியையும் கலத்துக்குள்ளயே விட்டுட்டு ஒருத்தர் ஒருத்தரா வாங்க. தொறக்கேன்.”

ஹென்றி: “அவன் கீழ வைக்கட்டும். அடுத்த நிமிசம் நான் வச்சிருதேன்.”

மாசானம்: “வே, கோமதி ரூம்புலயும் இப்படித்தாம்வே சொன்னீரு.”

பணிநாள் 124. மாலை 18:45

கதவைத் திறக்கவில்லை. சிறுகலம் திரும்பிப் போக வேண்டுமானால் இங்கிருந்து எரிபொருள் ஏற்ற வேண்டும். அதற்குக் கதவு திறந்தாக வேண்டும். உள்ளே மூவருக்கும் நாளைக் காலைவரைதான் காற்று. அதைச் சொன்னேன். காற்று கெட்டுப்போனால் முதலில் தலை வலிக்கும், பிறகு தூக்கம் வரும் என்பதையும் சொன்னேன்.

ஹென்றி ஒரு மூலை, மாசானம் எதிர்மூலை, நடுவில் செல்வின். துப்பாக்கிகள் இப்போது தோளில் இல்லை, மடியில்.

நான் அனுப்பியது: “நீங்களாவது வச்சிருங்க. உங்களுக்கு எதுக்கு அது? ரெண்டு பேரு பிள்ளைகளுக்கும் வாத்தியாரு நீங்க, உங்கள யாரு சுடப்போறா?”

செல்வின்: “நான் மட்டும் வச்சிட்டா, இங்க வெறுங்கையோட இருக்கது நான் மட்டுந்தான் ரெஜி. ஒனக்குப் புரியாது.”

புரிகிறது. அதனால்தான் இப்படி அருவருப்பாக இருக்கிறது.

பணிநாள் 125. காலை 06:30

தூங்கவில்லை. கதவின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் இந்த ஆளுக்குச் சோறு போட்டிருக்கிறேன், துணி மடித்திருக்கிறேன். கதவின் பிடியில் கை வைத்தேன், எடுத்தேன். திரும்பவும் வைத்தேன். பிள்ளைகள் கலம் இன்னும் நான்கு நாளில் வந்துவிடும்.

07:50. மாசானம் வாந்தி எடுத்திருக்கிறார். உருண்டை உருண்டையாக மிதக்கிறது. ஒருவரும் கை நீட்டித் துடைக்கவில்லை. துடைக்க வேண்டுமானால் துப்பாக்கியை விட வேண்டும்.

08:20. செல்வின் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறான். உதடு நீலம் பாய்ந்திருக்கிறது.

செல்வின்: “ரெஜி. அவன முதல்ல வைக்கச் சொல்லு.”

நான் அனுப்பியது: “எவன?”

செல்வின்: “எவனையாவது சொல்லு.”

08:55. பேச்சு நின்றுவிட்டது. மூவருக்கும் கண் செருகியிருக்கிறது. தலை தொங்கவில்லை, எடையில்லாத இடத்தில் தொங்காது. நிமிர்ந்தபடியே இருக்கிறார்கள், காவல் நிற்பவர்களைப் போல.

09:04. துப்பாக்கிகள் மெல்லக் கையை விட்டுக் கழன்று மிதக்கின்றன. ஒன்று கூரைப் பக்கம் போகிறது. இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று எழுத எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் இதற்காகத்தான் காத்திருந்தேன்.

முகமூடி மாட்டிவிட்டேன். முதலில் மூன்று துப்பாக்கிகளையும் பிடித்துக் கலத்துக்கு வெளியே, நிலையத்துக்குள் எறிகிறேன். பிறகு ஆட்களை இழுத்து வருவேன். செல்வினைக் கடைசியில்தான். இனி குரல்பதிவு.

09:07. பூட்டு விடுபட்டது. கதவு திறக்கிறது. நல்ல காற்று உள்ளே பாய்கிறது. நாற்றம் முகமூடிக்குள்ளும் வருகிறது.

ஒரு துப்பாக்கி என் கையில். இன்னொன்று.

செல்வினுக்கு மூச்சு இருக்கிறது. ஹென்றிக்கும் இருக்கிறது.

மூன்றாவது துப்பாக்கி மாசானத்தின் தலைக்கு மேலே. வார் சுருண்டு மிதக்கிறது. எட்டவில்லை. இதோ, இன்னும் ஒரு விரல் தூரம்.

ஒரு கை அசைகிறது. யாருடையது என்று இங்கிருந்து தெரியவில்லை.

கதவுப் பக்கம் வரவில்லை அந்தக் கை. துப்பாக்கியின் வாரைப் பார்த்து நீள்கிறது.