இரண்டாவது வண்டி

அன்புள்ள மாமா,

அன்று அந்த ஒரே வண்டியில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. ஓட்டியது நான். எனக்குப் பக்கத்தில் உங்கள் பேரன் கதிருடைய மனைவி நித்யா. பின்னால் குழந்தை இருக்கையில் அவர்கள் மகள் யாழினி. அவளை ஒட்டிக் கதிர். கதிரை ஒட்டி, தோளோடு தோள் இடிக்க, உங்கள் மகன்.

ஆமாம் மாமா. அப்பாவும் மகனும் ஒரே வண்டியில். நீங்கள் இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, இப்படி நடந்தது இந்த ஒரு முறைதான்.

உங்கள் நினைவு நாளுக்கு வழக்கமாகப் பேப்பரில் படம் போட்டு நாலு வரி கொடுப்போம். இந்த வருடம் நம் உறவின்முறைச் சங்கத்து மாத இதழில் இடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன். நம்மைப்போல் வண்டியைப் பிரித்துக்கொண்டு போகிற வீடுகள் இந்தப் பக்கம் இன்னும் சில இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும்.

தெரியாதவர்களுக்காக உங்கள் கதையையும் சொல்ல வேண்டும். உங்கள் சிறு வயதில், கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு உங்கள் அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் ஒரே காரில் புறப்பட்டார்கள். காய்ச்சல் என்று உங்களை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று பேருக்கும் நீங்கள் ஒருவரே கொள்ளி வைத்தீர்கள். பட்டாசு மருந்தோடு மல்லுக்கட்டுகிற குடும்பத்தில், மூன்று உயிரை வாங்கியது ரோடு. அதன் பிறகுதான் உங்கள் சட்டம் வந்தது. இந்த வீட்டில் தகப்பனும் மகனும் ஒரு வண்டியில் ஏறக் கூடாது.

நான் கல்யாணமாகி வந்த அன்று வாசலில் இரண்டு கார் நின்றதைப் பார்த்து, எங்கள் வீட்டார் பெரிய இடம் என்று பூரித்துப்போனார்கள். காரணம் எனக்கே பிறகுதான் தெரிந்தது. கதிரைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதும் இவர் பின்னால் வேறு வண்டியில்தான் வந்தார். அந்தப் பிள்ளை காரில் போகும்போது தன் அப்பாவைப் பார்த்ததெல்லாம் பின்பக்கக் கண்ணாடி வழியாகத்தான். சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி நின்று கையாட்டிக்கொண்டே வருவான்.

உங்கள் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் கார் ஓட்டக் கற்றதே அதனால்தானே? திருச்செந்தூர் புறப்படுகிற நேரத்தில் டிரைவர் வராமல் போனபோது, “ரெண்டாவது வண்டிய யாரு எடுக்கிறது?” என்று கேட்டுவிட்டு, காப்பி கொண்டுவந்த என்னைப் பார்த்தீர்கள். “நீ படிச்சுக்கோம்மா” என்றீர்கள். ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணிடம், மாமனார் கார் சாவியை நீட்டுவது அன்றைக்கு விருதுநகரில் சின்ன விஷயமா? இன்றைக்கும் கணக்கு நோட்டில் இரண்டாவது வண்டியின் பெட்ரோலை ‘மாமா’ என்று தலைப்புப் போட்டுத்தான் எழுதுகிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இந்தத் தீபாவளி சீசன் சாமி புண்ணியத்தில் நல்லபடியாக முடிந்தது. ஏழாயிரம்பண்ணையில் நம் பட்டாசுக் கம்பெனியில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தச் சந்தோசத்தில் கதிர் எல்லோரையும் நியூசிலாந்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். அங்கே கார் வாடகைக்குக் கொடுப்பார்களாம், டிரைவர் கிடையாதாம், நம் லைசென்ஸே செல்லுமாம், நாமே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாமாம்.

“அத்தை, பிளேனும் ரெண்டாப் போடணுமா?” என்று நித்யா கேட்டாள். மதுரைப் பெண் அல்லவா, கேலிக்குக் குறைவில்லை. ரோட்டில் ஓடாதவை என்பதால் ரயிலுக்கும் விமானத்துக்கும் இது பொருந்தாது என்று நீங்கள் எப்போதோ தீர்ப்பு சொன்னதை எடுத்துச் சொன்னேன். ஆனாலும் உங்கள் மகன் விமானத்தில் நாலு வரிசை தள்ளியே இடம் கேட்டு உட்கார்ந்தார்.

வண்டி வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் ஒரு பையன் இருந்தான். ஐந்து பேருக்கு எதற்கு இரண்டு கார், பெரிதாக ஒன்று எடுத்தால் செலவு குறையுமே என்றான். கதிர் கூச்சத்தோடு குடும்பத்து வழக்கத்தை விளக்கினான். ராஜ குடும்பங்களில்கூட அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று அந்தப் பையன் தலையாட்டினான். அன்றைக்கு முழுவதும் உங்கள் மகனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஓட்டுகிறவர் ஒவ்வொருவர் பெயரையும் பத்திரத்தில் எழுத வேண்டும். எழுதாதவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. நித்யா பெயரும் கதிர் பெயரும் போதும் என்றார்கள். நான் என் லைசென்ஸையும் நீட்டினேன். ஊரிலிருந்து கொண்டுபோன எலுமிச்சம்பழங்களை விமான நிலையத்திலேயே மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆகவே அங்கே ஒரு கடையில், விலையைச் சொன்னால் நீங்கள் திட்டுவீர்கள், புதிதாக வாங்கி எட்டு டயருக்கும் வைத்தேன். கீறல் இருக்கிறதா என்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பையன், பழத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டான்.

அந்த ரோடுகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மாமா. நம்மைப்போல இடது பக்கம்தான். ஹாரன் சத்தமே கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும், ஆனால் என் இடது கால் மட்டும் இரண்டு நாள் கிளட்சைத் தேடிக்கொண்டே இருந்தது. சில பாலங்களில் ஒரு வண்டி போகத்தான் அகலம் இருக்கும். யார் நிற்க வேண்டும், யார் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். நின்று வழிவிட்டால் எதிரே வருகிறவர் ஒரு கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார். முதல் வண்டியில் கதிரும் நானும் மாறி மாறி ஓட்டினோம். இரண்டாவதை நித்யா ஓட்ட, இவரும் யாழினியும் அதில் வந்தார்கள்.

மலைப்பாதையில் ஒரு சாயங்காலம், மழை தூறிக்கொண்டிருந்தது. வெகுநேரமாக நித்யாவின் வண்டியைக் கண்ணாடியில் காணவில்லை. திருப்பிக்கொண்டு போனோம். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது ரோட்டோரக் கல்லில் உரசி டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மாரியம்மன் காப்பாற்றினாள். ஆனால் அந்த வண்டியில் மாற்று டயரே வைப்பதில்லையாம். கதிர் மேட்டில் ஏறி, போன் சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து வாடகைக்காரர்களிடம் பேசினான். வண்டியைப் பூட்டி அங்கேயே விட்டுவிடுங்கள், காலையில் எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் இன்னொரு காரில் ஊர் போய்ச் சேருங்கள் என்று பதில் வந்தது.

உங்கள் மகன் அசையவில்லை. “நீங்க நாலு பேரும் போங்க. நான் இந்த வண்டிக்குள்ளயே இருந்துக்கிறேன். விடிஞ்சதும் வந்து கூப்பிட்டுக்கோங்க” என்றார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்போலச் சாதாரணமாகச் சொன்னார்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மனிதர். காற்று காதை அறுத்தது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு வீடு இல்லை. கதிர் முதலில் கெஞ்சினான். பிறகு குரல் உயர்ந்துவிட்டது.

“தாத்தா போயி எத்தன வருசமாச்சு. இன்னும் அவுக சொன்னாகன்னு இந்தக் குளிர்ல நிக்கப் போறீகளா?”

“செத்தவுகளுக்குக் கொடுத்த வாக்குடா. இருக்கிறவுகன்னாக் கேட்டு மாத்திக்கலாம். இத யார்ட்ட போயிக் கேக்க?”

“அப்ப நீங்க போங்க. நான் இருக்கேன்.”

“ஏலே, உனக்குச் சின்னப் பிள்ள இருக்கு.”

“எனக்கு அப்பாவும் இருக்காகல்ல?”

அதற்கு மேல் இருவரும் பேசிக்கொண்டதை எழுத வேண்டாம். டயர் கிழிந்த பயத்தில் நித்யா ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. யாழினி கண்ணாடிக்கு உள்ளே இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரில் ஒருவர் பிழைத்திருக்க வேண்டும் என்று போட்ட சட்டம், ஒருவரை நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்கிறதே என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் மாமா, நீங்கள் கம்பெனியில் வைத்திருந்த இன்னொரு சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறவரை அன்று மருந்து கலக்கும் அறைக்குள் விடக் கூடாது. கூலியைக் குறைக்காமல் வெளி வேலைக்கு அனுப்பிவிட வேண்டும். போர்மேன் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். நானும் எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்த்தேன். கதிரிடம் சாவியைக் கேட்டு வாங்கினேன்.

“நீங்க ரெண்டு பேரும் இப்ப வண்டியத் தொடக் கூடாது. நித்யாவுக்கும் முடியல. நான் எடுக்கிறேன்.”

குழந்தை இருக்கையை இந்த வண்டிக்கு மாற்றச் சொன்னேன். விபூதி இட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியை இறக்கி உங்கள் மகனைப் பார்த்துச் சொன்னேன்.

“ஏங்க, ஒருத்தர விட்டுட்டுத்தான் போகணும்னா, அது யாருன்னு நீங்களே சொல்லுங்க. உங்க பேரச் சொல்லாதீக. உங்கள விட்டுட்டு நான் போக மாட்டேன். உங்க மகன் பேர உங்க வாயால சொல்லுங்க, மறுபேச்சில்லாம வண்டிய எடுக்கிறேன்.”

கதிர் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றுகொண்டிருந்தான். இவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். கோயில் வாசலில் செய்வதுபோலக் குனிந்து பின் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கதவைத் திறந்தார். அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்த கதிரிடம், “தள்ளி உக்காருடா” என்றார்.

அந்த மலையில் நான் எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். வாய் முருகா முருகா என்றுகொண்டிருந்தது, கண் ரோட்டை விட்டு நகரவில்லை. வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த இரண்டு வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டேன். பாதி மலை இறங்கியாயிற்று. பிறகு இவர், “பெல்ட்டு அமுக்குதாடா?” என்று கேட்டது காதில் விழுந்தது. இல்லை என்றான். கீழே சமவெளி வந்து ரோடு நேராக ஆன பிறகு இவர் மெதுவாகச் சொன்னார்.

“எங்க அப்பா பக்கத்துல நான் ஒரு நாள்கூட இப்படி உக்காந்ததில்லடா.”

கதிர் அவர் பக்கமாகத் தோளை நகர்த்திக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில், “தாத்தா குறட்டை விடுறாங்க” என்று யாழினி சிரித்தாள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தேன். உங்கள் மகன் தன் மகன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தோள் அசைந்துவிடாமல் கதிர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த ரோட்டில் எனக்கு உங்கள் ஞாபகம்தான் மாமா. உங்களை மதுரைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோன அன்று உங்கள் பக்கத்தில் இருந்தது நான். இவர் பின்னால் காரில் வந்தார். கள்ளிக்குடி தாண்டும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு, “பின்னால வர்றானா?” என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். வர்றாக மாமா, வர்றாக மாமா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உங்கள் கண் அந்தச் சின்னக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. சட்டம் நடக்கிறதா என்று பார்த்தீர்களா, அவன் பக்கத்தில் இல்லையே என்று தேடினீர்களா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

மறுநாள் மாற்று வண்டி வந்துவிட்டது. பழையபடி பிரிந்துகொண்டோம். ஊர் திரும்பிய அன்றும் மதுரை விமான நிலையத்தில் இரண்டு கார் நின்றது, இவர் ஏற்பாடுதான். ஆனால் இப்போதெல்லாம் கதிர் கம்பெனிக்குக் கிளம்பும்போது இவர் அவன் வண்டிவரை நடந்து போகிறார். கதவில் கையை வைத்துக்கொண்டு ஏதாவது ஆர்டர், லோடு என்று பேசுகிறார். பேச்சு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுப்பதில்லை. அப்புறம் தன் வண்டிக்குத் திரும்பி வருகிறார். பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை மாமா.

அதனால்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த இதழ் வெளிவந்த பிறகு வருகிற முதல் வெள்ளிக்கிழமை, ஆனைக்குட்டம் பக்கத்தில் நம் குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போகிறேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து யாழினியை எடுக்கச் சொல்வேன். வெள்ளை வந்தால் நீங்கள் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வோம். சிவப்பு வந்தால் இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். இவரிடம் சொன்னேன். “அப்பா சரின்னுட்டா சரிதான்” என்றார்.

எந்தப் பூ வந்தாலும் ஒன்றை உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன். கம்பெனிக்குள் இவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் நிற்க மாட்டார்கள். என் உயிர் இருக்கும்வரை அதை நான் பார்த்துக்கொள்வேன். நான் கேட்பது ரோட்டுக்கு மட்டும்தான்.

கோயிலுக்குப் போகும்போது இரண்டு வண்டியில்தான் போவோம். திரும்பி வருவது எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலைக்குள் பதில் சொல்லிவிடுங்கள் மாமா.

உங்கள் மருமகள்,
செல்வக்கனி