நடுக்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்

ராத்தா,

இன்று காலை மேசன் பாஸ் நம் நடுக்கதவின் மேல் சோக்கால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை வந்து நிலையைக் கழற்றி, கல் வைத்து அடைத்துப் பூசிவிடுவாராம். அந்த இடத்தில் மகளுக்கு ஒரு சுவர் அலுமாரி. குறி போடச் சொன்னவளும் நான்தான். ஆனால் அவர் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேநீர் ஊற்றினேன், குடிக்கவில்லை. டேப்பை எடுத்து, நூறு தரம் அளந்த விறாந்தையை மறுபடியும் அளந்தேன். பதினோரு அடி. நேற்றும் பதினோரு அடிதான்.

பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பது நம் ஊர் வழக்கம். உம்மாவுக்கு அவவின் உம்மா கொடுத்த இந்த ஓட்டுவீடு ஒன்றே ஒன்று. பிள்ளைகளோ அக்கா தங்கை நாம் இரண்டு பேர். என் முறை வந்தபோது வாப்பா வேறு வழியில்லாமல் வாசலிலிருந்து பின்மதில் வரை நெடுக ஒரு சுவரை எழுப்பி, தெற்குப் பாதி உங்களுக்கு, வடக்குப் பாதி எனக்கு என்றார். பஸ் மாதிரி இரண்டு வீடுகள். பின்னால் அடுத்தவர் மதில், பக்கத்தில் ஆள் நுழையச் சந்து கிடையாது. அந்தச் சுவரின் நடுவில் நீங்கள்தான் அடம்பிடித்து ஒரு கதவு வைக்கச் சொன்னீர்கள்.

நான் புதுப்பெண், குதித்தேன். அந்தப் பக்கம் மச்சான், இந்தப் பக்கம் என் மாப்பிள்ளை, முக்காட்டை எடுத்துவிட்டுச் சொந்த வீட்டில் நடமாட முடியாதா என்று கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

“ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள் வெப்பம் புள்ள. ரெண்டு பேருக்கும் மனமிருந்தாத்தான் கதவு திறக்கும்.”

உங்கள் பக்கத் தாழ்ப்பாளை விடிந்தால் எடுத்துவிடுவீர்கள். என் பக்கத்துத் தாழ்ப்பாள்தான் எனக்கு வாய். மீன் ஆணம் ஊற்றிக் கொடுத்த பீங்கான் திரும்பி வரவில்லை என்றால் பூட்டு. உங்கள் கோழி நான் காயப்போட்ட சீரகத்தைக் கிளறினால் பூட்டு. இரண்டு நாள் கழித்து நானே வெட்கம் கெட்டுத் திறந்தால், அந்தப் பக்கம் நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, “உப்புப் பாரு” என்று அகப்பையை நீட்டுவீர்கள். அதுவே எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும்.

உங்களுக்கு முழங்கால் நோவு வந்து, முற்றத்து மலசலகூடத்துக்கு நடக்க முடியாமல் போனபோது உங்கள் பாதியைத் திருத்தும் பொறுப்பை நானாக எடுத்துக்கொண்டேன். கணக்கு டீச்சர் அல்லவா, பாஸ்மார் எல்லாம் எனக்கு முன்னால் எம்மாத்திரம்! கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எட்டுப் பிளான் வரைந்தேன். படுக்கும் அறைக்கு முன்னாலேயே பாத்றூம் வந்தது. அதற்காக நடையை இரண்டரை அடியாக ஒடுக்கி, ஒரு வளைவும் வைத்தேன். கட்டில் போகுமா, அலுமாரி போகுமா, பிறிட்ஜ் போகுமா என்று எல்லாவற்றையும் அளந்தேன். நீங்கள் கேட்டது ஒரு ஜன்னல் மட்டும். அதையும் இடமில்லை என்று வெட்டிவிட்டேன். “ஒனக்கு டேப் இல்லாட்டி மூச்சு வராது” என்றீர்கள், அவ்வளவுதான்.

போன வருடம் மகளுக்குக் கலியாணம் பேசி, பேச்சுக்கால் ஆனதும் என் பாதியைத் திருத்தத் தொடங்கினேன். மாப்பிள்ளையின் உம்மா மெதுவாகத்தான் கேட்டா, அந்தக் கதவு வேணுமா என்று. நியாயம்தானே, அந்தப் பக்கம் உங்கள் மகளோடு மருமகன் இருக்கிறார், அவர் என் மகளுக்கு அந்நிய ஆண். நான் வந்து கதவை அடைக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். ஒரு நாளும் குரல் உயர்த்தாத நீங்கள் உயர்த்தினீர்கள்.

“மூடுறண்டா என்ட மௌத்துக்குப் புறகு மூடு.”

நீங்கள் சாவை இழுத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பக்கம் வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். வழக்கமாக அது இரண்டு நாள் தாங்கும். அந்த முறை வீம்பு நாலாம் நாளுக்கும் போனது. நாலாம் நாள் மதியம் ளுஹர் தொழுதுவிட்டுப் படுத்த நீங்கள் எழும்பவில்லை.

உங்களைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, பள்ளிவாசலிலிருந்து வந்த சந்தூக்குப் பெட்டியில் வைத்தாயிற்று. வெறும் சந்தூக்கை நிமிர்த்திச் சாய்த்து எப்படியோ உள்ளே கொண்டு வந்திருந்தார்கள். உங்களைச் சுமந்துகொண்டு அந்த வளைவில் திரும்ப அது மறுத்துவிட்டது. முன்னால் பிடித்தவர்கள் பாத்றூம் சுவரோடு ஒட்டி நின்றார்கள், பின்னால் பிடித்தவர்களால் அசைய முடியவில்லை. “சாய்க்காதீங்க, சாய்க்காதீங்க” என்று யாரோ சொன்னார்கள். அந்த வளைவு நான் வரைந்தது, ராத்தா. எல்லாவற்றையும் அளந்தவள் அதை அளக்கவில்லை.

நடுக்கதவால் எடுப்போம் என்று உங்கள் மகள் அழுகையோடு சொன்னாள். உங்கள் பக்கம் தாழ்ப்பாள் திறந்தே கிடந்தது. நான் தெருவைச் சுற்றி என் வீட்டுக்குள் ஓடினேன். நாலு நாள் வீம்பில் இறுகிப்போன தாழ்ப்பாள் வர மறுத்தது. கையால் இழுத்தேன், உலக்கையால் அடித்தேன், விரல் கிழிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் காத்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் திறந்தது. என் வீட்டால், என் விறாந்தையால், என் வாசலால் நீங்கள் போனீர்கள்.

நீங்கள் சொன்ன அந்தப் ‘புறகு’ வந்துவிட்டது. இனி மூடலாம், உங்களுக்குச் சம்மதம்தான். அதைத்தான் இன்று முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தும் அந்தக் குறி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈரத்துணியை எடுத்து அழித்துவிட்டேன்.

மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்று கேட்டாள்.

“ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள் இரிக்கெண்டு சொல்லு.”

அவள் நடுக்கதவடிக்குப் போனாள். கதவைத் தட்டினாள். “என்ன சாச்சி?” என்று, தட்டியது நான்தான் என நினைத்து, அந்தப் பக்கமிருந்து உங்கள் மகள் திறந்தாள். இரண்டு பேரும் குனிந்து பழைய தாழ்ப்பாள்களைப் பார்த்தார்கள். இரண்டையும் மாற்ற வேண்டுமாம், துருவேறிவிட்டதாம். உங்கள் மகள் தன் பக்கத்து பாத்றூம் வளைவையும் உடைத்து நேராக்கித் தரச் சொல்கிறாள். ஒரு ஜன்னலும் வேண்டுமாம்.

ஒரு புதுக் கலண்டர் தாளைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். இந்தப் பிளானில் முதல் கோடு கட்டிலுக்கும் இல்லை, அலுமாரிக்கும் இல்லை. என் பாதியின் பின்னறையிலிருந்து தெரு வரைக்கும் நேராக ஒரு வழி. சந்தூக்கின் நீளத்தையும் அகலத்தையும் பள்ளிவாசலில் கேட்டு வாங்கி ஓரத்தில் எழுதிக்கொண்டேன். மிச்சத்தை மகள் எப்படியும் கட்டிக்கொள்ளட்டும். என் முறை வரும்போது யாரும் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டக் கூடாது.