மன்னிப்பில்லாத வார்த்தை

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கிள்ளானில் துணி காயவில்லை. சபைக்குப் போனேன். ஞாயிறு பள்ளி, பன்னிரண்டு பிள்ளைகள். என்ன பாடம் நடத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

தங்கை கிரேஸ் ஐந்து மாதமாகப் பேசவில்லை. ஏப்ரலில் எட்டு மாதப் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. பெண் பிள்ளை. அன்றிலிருந்து ஒரு சொல் இல்லை. சாப்பிடுவாள், குளிப்பாள், துணி மடிப்பாள், தலையசைப்பாள். தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மாத்திரை. மாதம் ஒருமுறை கவுன்சலிங். எழுதியாவது காட்டு என்று பேனாவைக் கொடுத்தால் கீழே வைத்துவிடுவாள்.

ரெபேக்கா ஆன்டியை ஜெபிக்கக் கூப்பிட்டது நான்தான். அதையும் எழுதி வைக்கிறேன். வீட்டுக்கு வீடு போய் ஜெபிக்கிற குழு அவருடையது. எங்கள் சபை இல்லை. நேற்று மத்தியானம் இன்னும் நான்கு பெண்களோடு கிரேஸின் செந்தூல் ஃபிளாட்டுக்கு வந்தார். கிரேஸின் கணவர் சிவா வேலைக்குப் போயிருந்தார். முதலில் பாட்டு. பிறகு ஆவி நிரம்பிப் பேசுகிற அந்நிய பாஷை. பிறகு சத்தம். கிரேஸ் நாற்காலியில், சுற்றிலும் ஐந்து பேர். ஆன்டி அவள் தாடையைப் பிடித்து ஆட்டினார். "ஊமை ஆவியே, வெளிய போ! பேசு! பேசு!" கிரேஸ் கண்ணில் தண்ணீர் வழிகிறது. தாடையை விடவில்லை. கன்னத்தில் விரல் பதிந்து சிவந்துவிட்டது.

நான் சொன்னது, அப்படியே:

"விடுங்க அவள! இது பரிசுத்த ஆவியா? இது பிசாசு! உங்களுக்குள்ள வந்திருக்கிறதுதான் பிசாசு! வெளிய போங்க!"

இவ்வளவும் கத்தினேன். என் குரல் என்றே நம்ப முடியவில்லை. எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

ஆன்டி கோபப்படவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பு போட்டபடி மெதுவாகச் சொன்னார்: "ஹெலன், மாற்கு மூணு நீயே புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்ப. வீட்டுக்குப் போய் இன்னொரு தடவ படிச்சிப் பாரு."

படித்தேன். இயேசு பிசாசு ஓட்டுகிறார். வேதபாரகர் வந்து, இவன் பிசாசின் தலைவனை வைத்துத்தான் ஓட்டுகிறான் என்கிறார்கள். அதற்கு அவர்: எல்லாப் பாவமும், எந்தத் தூஷணமும் மனுஷருக்கு மன்னிக்கப்படும், ஆவியானவருக்கு விரோதமான தூஷணம் மட்டும் என்றென்றைக்கும் மன்னிக்கப்படாது.

அவர்கள் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றா? இல்லை என்று சொல்லத்தான் பார்க்கிறேன். ஆன்டி கன்னத்தைப் பிடித்தது தப்பு. தப்பு செய்தவரிடம் ஆவியானவர் எப்படி இருப்பார்? அப்படியானால் நான் சொன்னது சரி. அப்படித்தான்.

செப்டம்பர் 29, திங்கள்

பிரிக்பீல்ட்ஸ். நான் வேலை பார்க்கும் பல் கிளினிக் கவுண்டர், திங்கட்கிழமைக் கூட்டம். பத்தே முக்காலுக்கு சிவாவின் போன். அழுகிறார்.

"அக்கா, பேசிட்டா. தண்ணி கேட்டா லா அக்கா. 'சிவா, தண்ணி குடு'ன்னு."

கவுண்டரிலேயே அழுதுவிட்டேன். பல் பிடுங்கி வாயில் பஞ்சு வைத்திருந்த ஒரு சீன அங்கிள் என் கையைத் தட்டிக் கொடுத்தார். அவரால் ஏன் என்று கேட்க முடியவில்லை, என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு மணி நேரம் சந்தோஷம். சரியாக ஒரு மணி நேரம். பிறகு ஒரு நோயாளியின் கார்டில் பெயர் எழுதும்போது கை அப்படியே நின்றது.

ஜெபித்தார்கள். இரண்டாம் நாள் பேசிவிட்டாள்.

அப்படியானால் அது அவருடைய வேலை. அதைத்தான் நான் பிசாசு என்றேன்.

வேலை முடிந்து நேராகச் செந்தூல். "அக்கா" என்றாள். சளி பிடித்தவள் குரல். கட்டிக்கொண்டேன். அவள் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. சோறு வேண்டுமா என்றாள், மழையா என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

செப்டம்பர் 30, செவ்வாய்

ரெபேக்கா ஆன்டியின் வாய்ஸ் மெசேஜ். ரயிலில் கேட்டேன். "மகிமை அவருக்கே. நீ யார பிசாசுன்னு சொன்னியோ, அவருதான் உன் தங்கச்சி வாய தெறந்தாரு. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்மா. நீ யோசி."

யோசிக்கிறேன். வேறு என்ன செய்கிறேன்.

இன்று மறந்தவை: குடை. டாக்டருக்கு வந்த போன் செய்தி. சாப்பாடு (டப்பாவைத் திறக்கவே இல்லை). வீட்டுச் சாவி கதவிலேயே.

வரும் ஞாயிறு இராப்போஜனம், அப்பமும் ரசமும் எடுக்கும் நாள். மாதத்தின் முதல் ஞாயிறு. தகுதியில்லாமல், அபாத்திரமாய் எடுத்தால் ஆக்கினை, தண்டனை.

அக்டோபர் 1, புதன்

வெயில். தீபாவளிக் கடைகள் நடைபாதையில் பந்தல் போட்டுவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக் பின்னறையில் உட்கார்ந்து, வேதத்தில் யார் யார் மேல் தூஷணப் பழி என்று தேடினேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தூஷணம் என்றால் கெட்ட வார்த்தை. போன வருடம் கேட்டபோது ஒருவன் எழுந்து உதாரணமே சொன்னான். அவ்வளவு சின்ன விஷயமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

லேவியராகமம்: எகிப்தியனுக்கும் இஸ்ரவேல் பெண்ணுக்கும் பிறந்தவன், சண்டையில் கர்த்தரின் நாமத்தை நிந்தித்தான். சண்டையில், கோபத்தில். கேட்டவர்கள் அவன் தலையில் கை வைத்தார்கள், சபை முழுதும் கல்லெறிந்தது. அம்மா பேர் இருக்கிறது, அவன் பேர் இல்லை.

நாபோத்: ராஜா கேட்ட தோட்டத்தைத் தராதவன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதாகப் பொய்ச் சாட்சி. செத்தான். தோட்டம் ராஜாவுக்கு.

ஸ்தேவான்: அதே பழி, அதே கல்.

இயேசு. இதை இத்தனை வருடம் படித்தும் நின்று பார்த்ததில்லை. அவரைக் கொன்றதே இந்தக் குற்றத்துக்குத்தான். பிரதான ஆசாரியன் உடையைக் கிழித்துக்கொண்டு, தூஷணம் சொன்னான், கேட்டீர்களே என்றான்.

பவுல்: நான் தூஷிக்கிறவனாயிருந்தேன் என்று தானே ஒப்புக்கொள்கிறார். இரக்கம் கிடைத்தது. இங்கே கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அடுத்த வரி: அறியாமல் செய்ததால்.

நான் அறியாமலா சொன்னேன்? பத்தொன்பது வருடமாக ஞாயிறு பள்ளி டீச்சர்.

டப்பா இன்றும் திறக்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

அரை நாள் லீவு. பாஸ்டரைப் பார்த்தேன். சபை ஆபீஸில் ஏர்கண்டிஷன் குளிர், எனக்கோ வியர்வை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நல்ல மனிதர்.

"ஹெலன், அந்த வேதபாரகர் யாரு? கண்ணால பாத்தவங்க. குருடன் பாக்குறான், ஊமை பேசுறான், எல்லாம் தெரியும். தெரிஞ்சும், இவன் நமக்கு வேணாம்னு முடிவு பண்ணிட்டு, அதுக்குத் தோதா ஒரு பேரு வெச்சாங்க. அது ஒரு வார்த்த இல்ல. ஒரு நெலம. கதவ உள்ளருந்து பூட்டிக்கிட்டு சாவிய முழுங்கிட்டவன் நெலம. நீங்க தங்கச்சிக்கு வலிக்குதுன்னு கத்துனீங்க. ரெண்டும் ஒன்னா?"

"ஆனா அவ பேசிட்டாளே பாஸ்டர். அப்ப அது அவருடைய வேலதானே?"

"இருக்கலாம். அதுக்காக தாடையப் புடிச்சி ஆட்டுனதும் அவரு வேலயா? பயப்படுறீங்க பாருங்க, அதுவே போதும். அந்தப் பாவம் செஞ்சவனுக்குப் பயமே இருக்காது."

சரி பாஸ்டர் என்று எழுந்து வந்தேன். பஸ் நிறுத்தம் வரை நிம்மதி. பஸ் ஏறும்போது: காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் பயம் வந்ததே. காசைக் கூடத் திருப்பிப் போட்டானே.

என் மூளை என் பக்கம் இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

மத்தியானம் ரெபேக்கா ஆன்டிக்குப் போன் செய்தேன். மூன்று முறை எண்ணைப் போட்டு மூன்று முறை வைத்துவிட்டு, நான்காவது முறை.

"ஆன்டி, நான் கத்துனது தப்பு. நான்தான் வரச் சொன்னேன், நானே வெளிய போங்கன்னு சொன்னேன். மன்னிச்சிருங்க."

"எனக்கு எதிரா சொன்னத அன்னிக்கே மன்னிச்சிட்டேன்மா. அவருக்கு எதிரா சொன்னதுக்கு நான் யாரு?"

"அவ கன்னம் செவந்துருச்சி ஆன்டி."

பின்னால் யாரோ மீன் கழுவுகிற சத்தம். பிறகு, "நான் உனக்காக ஜெபிக்கிறேன் ஹெலன்" என்றார். குரல் மாறியிருந்தது. அழுதாரோ, தெரியாது. அவரும் பயந்த மனுஷிதான் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

ஐந்தரை மணிக்கு சிவா கிளினிக்குக்கு வந்தார். பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு, ரயில் நிலையம் வரை கூட நடந்தார். இந்துதான், ஆனால் கிரேஸோடு சேர்ந்து இந்தச் சபை விஷயங்களெல்லாம் அவருக்கு அத்துபடி.

"அக்கா, நீங்க சாப்புடுறதில்லன்னு அவ சொல்றா. அந்த பிசாசு மேட்டரா?"

தலையாட்டினேன்.

"எங்கம்மா முருகன டெய்லி திட்டுவாங்க. 'கண்ணு அவிஞ்சி போச்சா ஒனக்கு'ன்னு வெளக்கு ஏத்திக்கிட்டே திட்டுவாங்க. திட்டி முடிச்சிட்டு அவருக்கே பொங்கலும் வெப்பாங்க. யாரும் கோச்சுக்கிட்ட மாரி தெரியல."

சிரித்துவிட்டேன். ஆறு நாளில் முதல் சிரிப்பு. ரயிலில் உட்கார்ந்ததும் அதற்கும் பயம் வந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று.

கிரேஸ் நாளை கிள்ளானுக்கு வருகிறாள். தானே கேட்டாள். ஞாயிறு என்னோடு சபைக்கு வருவாளாம்.

அக்டோபர் 4, சனி

பாசாரில் கெம்போங் மீன், கத்திரிக்காய், கருவேப்பிலை. பதினொரு மணிக்கு கிரேஸ் வந்தாள். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். நான் மீன் சுத்தம் செய்தேன். முதுகு அவள் பக்கம்.

"அக்கா, நான் ஏன் பேசல தெரியுமா?"

கத்தியைக் கீழே வைத்தேன். "திரும்பாத" என்றாள். திரும்பவில்லை.

அவள் சொன்னதை ஞாபகம் உள்ளவரை எழுதுகிறேன். பிள்ளையைத் துணியில் சுற்றி நர்ஸ் இவள் கையில் கொடுத்தாள். கனமாக இருந்ததாம். தூங்குகிற பிள்ளை கனம். அப்போது உள்ளே ஏதோ ஒரு வசனம் ஓடியதாம், நாங்கள் சின்ன வயதில் மனப்பாடம் செய்தது, ஆவியானவர் தேற்றரவாளன், துக்கத்தில் தேற்றுகிறவர் என்று.

"'தேற்றரவாளனா நீ'ன்னு கேட்டேன் அக்கா. 'பொய்க்காரன். கொலகாரன். நீ ஆவி இல்ல, பிசாசு'ன்னு சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன். தரையில துப்புனேன். அந்த நர்சுக்குத் தமிழ் தெரியாது, 'சபார் அடிக், சபார்', பொறுமையா இரு தங்கச்சின்னு மலாய்ல சொல்லித் தலையத் தடவுறா. அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சி, எதுக்கு மன்னிப்பு இல்லன்னு. வாய மூடிக்கிட்டேன். தொறந்தா இன்னும் என்ன வருமோன்னு. எழுதுனாலும் அதான் வரும்னு."

ஐந்து மாதம். அந்தப் பயத்தோடு ஐந்து மாதம், வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு. நான் ஒரு வாரத்தில் இப்படி ஆகிவிட்டேன்.

திரும்பிவிட்டேன். கையெல்லாம் மீன் செதில். யோசிக்கவே இல்லை.

"அடி பைத்தியம்! அதுக்குப் போயா? புள்ளையக் கையில வெச்சிக்கிட்டு ஒருத்தி வேற என்ன சொல்லுவா? அது அவருக்குத் தெரியாதா? அழுகைடி அது. அதப் போயி மன்னிக்க மாட்டாரா? எப்பவோ மன்னிச்சிருப்பாரு!"

கிரேஸ் என்னைப் பார்த்தாள். என் கண் எரிந்தது வெங்காயத்தாலா தெரியவில்லை.

"அப்ப ஒனக்கு?"

குழாயைத் திறந்து கை கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

"நீ அன்னிக்கு கத்துனப்ப, சன்டே ஸ்கூல் டீச்சரு, ஐயோன்னு கூட சொல்லாதவ, நான் சொன்ன அதே வார்த்தய சொல்ற. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. இப்ப எங்கக்காவும் போச்சான்னு. ரெண்டு நாளா உன்னயே நெனச்சிக்கிட்டு இருந்தேன். எங்கக்காவ ஆண்டவரு கைவிட மாட்டாரு, அவ எனக்காகத்தானே கத்துனான்னு. ஞாயித்துக்கெழம பூரா அதான். திங்கக்கெழம தாகமா இருந்துச்சி. கேட்டுட்டேன்."

யார் ஜெபத்தால் பேசினாள், யார் கத்தலால் பேசினாள், எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை. கேட்டேன். "எல்லாந்தான் போல" என்றாள். வெங்காயத்தை அளவுக்கு மேல் உரித்து வைத்திருந்தாள்.

இரண்டு பேரும் சாப்பிட்டோம். நான் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. ஆலயத்தில் கிரேஸைப் பார்த்து எல்லாருக்கும் சந்தோஷம். "பேசுமா, ஏதாச்சும் பேசிக் காட்டுமா" என்று ஒரு ஆன்டி. "என்ன பேசணும் ஆன்டி?" என்றாள். அந்த ஆன்டிக்கு அதுவே போதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இரவே தீர்மானித்திருந்தேன், இராப்போஜனப் பந்திக்குப் போவதில்லை என்று. அவளுக்கு நேற்றுச் சொன்னதெல்லாம் சத்தியம். எனக்கு நான் அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. காலையில் அந்தப் பழைய கணக்குகளே: அறிந்து சொன்னேனா, அறியாமலா. அவள் துக்கத்தில் சொன்னாள், நான் கோபத்தில். வேறு வேறு அல்லவா.

எங்கள் வரிசை எழுந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். கிரேஸும் எழவில்லை.

"போ" என்றேன்.

"நீ?"

"எனக்கு... அடுத்த மாசம்."

"அப்ப நேத்து என்கிட்ட சொன்னது பொய்யா?"

அவ்வளவு மெதுவாகக் கேட்டாள். கோபமே இல்லை. அவள் வாய் மறுபடி மூடப் போகிறது என்று அப்போது தெரிந்தது, கதவு சாத்தப்படுவதைப் பார்ப்பது போல அவ்வளவு தெளிவாக.

எழுந்தேன். ஆக்கினை என்றால் ஆக்கினை என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். முழங்கால் போட்டோம். பாஸ்டர் அப்பத்தை என் கையில் வைத்துவிட்டு உடனே நகரவில்லை, ஒரு நொடி நின்றார். திராட்சை ரசத்தின் சின்னக் கோப்பை பல்லில் இடித்தது. கிரேஸ் நான் விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு தன்னுடையதைக் குடித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இடியும் இல்லை, சமாதானமும் இல்லை. பயம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்கு மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், அது என் மேல் இல்லை. இதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கிரேஸ் கேட்டாள், "பயமா இருந்துச்சா?"

"ம்."

"எனக்கும்."

தெங்கு கிளானா தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். உட்கார்ந்ததுமே அவள் கையைத் தூக்கினாள். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற குரலில், "அண்ணே, ரெண்டு தோசை! சட்னி நெறைய!"