சந்தனம் ஒட்டிய மெடல்

17-10-2024, வியாழன்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன் சந்திரமோகன், அவன் பெண்டாட்டி பரிமளா, பேத்தி சுகன்யா, வேலூரிலிருந்து வந்த ரஞ்சித்குமார். பின்னால் யாரும் ‘நான் அங்கே இல்லை’ என்று சொல்லக் கூடாது. அதற்காகவே எழுதி வைக்கிறேன்.

ரஞ்சித்குமார் பழைய பட்டாள மெடல்களை விற்கிறவன். அவற்றைச் சேர்த்து வைக்கவே ஆட்கள் இருக்கிறார்களாம். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் செத்த என் அண்ணன் குமரேசனின் மெடலைக் கேட்டான். தர மாட்டேன் என்றேன். “விக்க வேணாம்மா. அச்சு எடுத்துகினு பத்து நாள்ல குடுத்துடறேன். நகல்னு பின்னாடி பொறிச்சுதான் விப்போம்.”

நகலுக்கெல்லாம் ரிப்பன் வேண்டுமாம், பன்னிரண்டு. “அத்தை நெய்ஞ்சா கண்ணுல ஒத்திக்கலாம்” என்றாள் பரிமளா. இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைப் புகழ்ந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை என் வளையல் போயிற்று.

சந்திரமோகன் ஒரு இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினான். “ரிப்பன் கூலிக்கும்மா.” கையெழுத்துப் போட்டேன், மெடலையும் கொடுத்தேன்.

24-10

ரிப்பன் முடிந்தது. ஒரு இழை விலகவில்லை.

29-10

மெடல் திரும்பி வந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜையில் தறியோடு அதற்கும் சந்தனம் வைப்பேன். துடைத்ததே இல்லை. பொட்டின் மேல் பொட்டாக ஏறி, கறுத்து, மெடலோடு மெடலாக இறுகிவிட்டது. விரலால் தடவிப் பார்த்தேன், மேடு இருந்தது. சாமி படத்தடியில் வைத்தேன்.

30-10

மனசு கேட்கவில்லை. இன்று விரலை நனைத்துப் பொட்டைத் தேய்த்தேன். வாசனை வரவில்லை. நகத்தால் கீறினேன். சந்தனம் இல்லை, உலோகம். பொட்டையும் சேர்த்து அச்சு எடுத்து வார்த்திருக்கிறார்கள்! நகல் என்று பின்னால் பொறிக்கவும் இல்லை.

அப்போ என் அண்ணனோடது எங்கே?

சந்திரமோகனைக் கேட்டேன். “பேஜார் பண்ணாதம்மா. பாலிஷ் போட்டா அப்படித்தான் இருக்கும்.” சுவரைப் பார்த்துச் சொன்னான்.

6-11

போலீசிலிருந்து போன். பெங்களூரில் இரண்டு பேரிடம் ஒரே பெயர், ஒரே நம்பர் போட்ட மெடல் இருந்ததாம். ரஞ்சித்குமார் பிடிபட்டுவிட்டான். ரிப்பன்தான் காட்டிக் கொடுத்ததாம். பட்டாளத்து ரிப்பன் இவ்வளவு நேர்த்தியாக இருக்காதாம், இது எங்கள் ஊர் ஆரணிப் பட்டாம்.

நெய்ஞ்சது நான்தானே. இந்த வயசுல உள்ள வெச்சா எனக்கு யாரு மாத்திரை எடுத்துக் குடுப்பாங்க? அந்தக் காகிதத்துல இன்னா எழுதி இருந்துது?

8-11

தெருவில் பைக் நின்றாலே அடுக்களைக்குள் போய்விடுகிறேன்.

11-11, திங்கள்

சுகன்யாதான் கூட்டிப் போனாள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மேஜையில் எட்டு மெடல்களை வரிசையாக வைத்தாள். எட்டிலும் அண்ணன் பெயர், எட்டிலும் அந்த மேடு.

“இதுல எது ஆயா உங்களுது? பார்த்தா தெரியுமா?”

“பார்த்தா தெரியாது. கொஞ்சம் தண்ணி குடும்மா.”

ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஆறாவதில் கட்டைவிரல் மஞ்சளாயிற்று. இன்ஸ்பெக்டரும் முகர்ந்து பார்த்தாள். வழக்கு முடிந்ததும் தருவதாகச் சொன்னாள்.

பிறகு ரஞ்சித்குமாரிடம் கிடைத்த அந்தக் காகிதத்தை எடுத்தாள். சுகன்யா படித்தாள். “கூலின்னே இல்ல ஆயா. மெடலை வித்துட்டேன்னு நீ எழுதிக் குடுத்தா மாதிரி இருக்குது.”

“கூலிக்குன்னு சொல்லி யார் கையெழுத்து வாங்குனது?” என்றாள் இன்ஸ்பெக்டர்.

சுகன்யா என் முந்தானையைப் பிடித்தாள். அவளும் அன்று அங்கேதான் இருந்தாள். அவளுக்கு அவன் அப்பா.

“ரஞ்சித்குமார்” என்றேன்.

13-11

போலீஸ் இனி என்னைத் தேடாது. ஆனாலும் பயம் போகவில்லை. சோறு போட்டால் வாங்கிக்கொண்டு, யார் போட்டது என்று பார்க்கிறேன்.

ரஞ்சித்குமார் திருடன், அது அவன் பிழைப்பு. பரிமளாவை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டேஷனில் சொல்லாத பெயரை இங்கே எழுதுகிறேன். நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

சந்திரமோகன்.