பொன்னுரங்கம் தண்ணீர் ஊற்றவில்லை

கொட்டிவாக்கம்,
ஜனவரி 18, ஞாயிறு

அன்பு மகன் ஃபராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நெதர்லாந்துக் குளிரில் நீ இருமாமல் இருந்தால் போதும் என்று அவள் ஐந்து வேளையும் துஆ கேட்கிறாள். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டுக் கத்து.

இங்கே விடியற்காலையில் நன்றாகப் பனி இறங்குகிறது. மார்கழி முழுக்க மயிலாப்பூர் பூக்கடைக்காரர்கள் துளசி துளசி என்று உயிரை எடுத்தார்கள், பூங்கதிரைக் கிள்ளிக்கொண்டே இருந்தால்தானே இலை விடும், அதற்கே காலை போய்விடுகிறது. புதினா இலைக்கு அடியில் பச்சைப் புழு. மருந்து அடிக்காத தோட்டம் என்று வாசலில் போர்டு மாட்டிவிட்டு விவசாயம் படிக்கப் போனாயே, அதனால் ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குகிறேன், கொத்தமல்லிப் பாத்திக்குப் புளித்த மோர் தெளிப்பதும் நான்தான். உன் அம்மா முட்டி வலியோடு முக்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டு களை எடுக்கிறாள். உன் தங்கை புஷ்ரா கோட்டூர்புரத்திலிருந்து வாராவாரம் வந்து எங்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பை கறிவேப்பிலையோடு திரும்பிப் போகிறாள். இந்த நாற்பது சென்ட் வேலையையும் எட்டு வருடமாகப் பொன்னுரங்கம் ஒருவனே பார்த்தான். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

டிசம்பர் முதல் வாரம் நீ பேசியது நினைவிருக்கிறதா. ரோஸ்மேரி முந்நூற்று இருபது செடியையும் பனி படாமல் அரை அடி வைக்கோல் போட்டு மூடி மேலே துணி கட்டச் சொன்னாய், குளிர்காலத்தில் அங்கே அப்படித்தான் செய்கிறார்களாம், பாடத்திலும் இருக்கிறதாம். மழை விட்டு நாலு நாள்கூட ஆகவில்லை, மண் இன்னும் ஈரமாக இருக்கிறதே என்று நான் ஆரம்பித்தேன். இது வெளிநாட்டுச் செடி, உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்வதை மட்டும் செய்யுங்கள் என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பொன்னுரங்கம் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருடம் மந்தைவெளி மார்க்கெட்டில் கீரைக்கடை வைத்திருந்தவன் நான். ஈரத்தோடு மூடி வைத்த கட்டு மறுநாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சரி மகனே, நீ சொன்னதை மட்டுமே செய்கிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அரை அடி என்றாய், ஸ்கேல் வைத்து அளந்து போட்டேன். பொன்னுரங்கம் கெஞ்சினான். "இன்னா பாய் இது, மூச்சு முட்டி செத்துப் பூடும் பாய்" என்று தினமும் துணியின் ஓரத்தைத் தூக்கப் பார்த்தான், தம்பி சொல்லியிருக்கிறது, கையை எடு என்று அதட்டினேன். பத்தாம் நாள் நாற்றம் வந்தது. பன்னிரண்டாம் நாள் பிரித்துப் பார்த்தால் எல்லாம் தண்டோடு கறுத்துக் கிடந்தது. உனக்குப் படம் அனுப்பியதும் நான்தான். நீ போனில் அழுதாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். தெரியாது தெரியாது என்றாயே, இப்போது தெரிந்துகொள் என்று நினைத்தேன்.

ஆனால் நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொன்னுரங்கம் தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்துவிட்டான் என்று நீயே முடிவு கட்டி, அவனைக் கூப்பிடச் சொல்லி, நாளையிலிருந்து வராதே என்றாய். அந்தப் போனை என் கையில்தான் பிடித்திருந்தேன் ஃபராஸ். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உன்னிடம் நான் தோற்றது போல ஆகிவிடும் என்று ரோசம். அவன் மண்வெட்டியைக் கழுவி அதன் இடத்தில் சாத்திவிட்டுப் போனான். நீ அத்தோடு விடாமல் ஈசிஆர் தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயரைப் போட்டு, இவனை வேலைக்கு வைக்காதீர்கள் என்று எழுதினாய். நீலாங்கரையில் ஒரு தோட்டம், பாலவாக்கத்தில் இரண்டு, மூன்றிலும் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது மந்தைவெளியில் ஒரு அபார்ட்மெண்ட்டில் வாட்ச்மேன், கார் வந்தால் கேட் திறக்கிறான். பொங்கலன்றும் அவனுக்கு டியூட்டி.

அன்றைக்குத்தான் போய்ப் பார்த்தேன். திரும்பி வா என்றேன். எட்டு வருடம் நீங்க என்று கூப்பிட்டவன் அன்றைக்கு நீ என்றான். "உங்க ரெண்டு பேரு ரோசத்துக்கு செடி இன்னா பண்ணிச்சி, நான் இன்னா பண்ணேன்? பையனுக்குத் தெரியாது பாய், படிச்சத சொல்லிச்சி. உனுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே நின்ன" என்றான். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. தோட்டத்துக்கு வரமாட்டானாம். "இங்க கேட்டத் தொறந்து மூடுறேன், ஒன்னும் சாவல" என்றான். அப்புறம், ஃபராஸிடம் நடந்ததைச் சொன்னியா என்று கேட்டான். இல்லை என்றேன். எழுந்து கேட்டைத் திறக்கப் போய்விட்டான், அங்கே வண்டி எதுவும் வரவில்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்கும் இருக்கட்டும். நம் இருவருக்கும் இடையில் ஒரு மனிதனின் பிழைப்பை வைத்து நசுக்கினோம், அதில் உன் பங்கைவிட என் பங்கு பெரியது. இதைப் படித்ததும் அந்தக் குழுவில் எழுது. செடியைக் கொன்றது பொன்னுரங்கம் இல்லை, தெரிந்தே மூடிவைத்தது மந்தைவெளி மார்க்கெட் கீரைக்கடை மெஹபூப் அலி என்று எழுது. வீட்டில் ஒரு பெரியவர் செய்த தவறு என்று மழுப்பாதே, என் அப்பா என்று கௌரவமாகவும் போடாதே, ஊர் பேர் தெரியும்படி எழுது. எழுதியதை நான் பார்த்தால் போதாது, அவன் பார்க்க வேண்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் என்னைவிட நல்ல நாக்கையும் தரட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மா அனுப்பிய ஓமவல்லிப் பொடியை வெந்நீரில் போட்டுக் குடிக்க மறக்காதே.

இப்படிக்கு,
கீரைக்கடை மெஹபூப் அலி