தம்பி குடிக்காத தண்ணீர்

என் செல்லச் சேகருக்கு,

நேற்று மதியத் தூக்கத்தில் மறுபடி வந்தாய். வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவந்த வண்டியை வாசலில் நிறுத்தி, "இன்னா டீச்சரம்மா, இஸ்கூலு லீவா?" என்றாய். ஸ்டீயரிங் மேல் இருந்த உன் இடது கையில் ஐந்து விரல்களும் இருந்தன.

வண்டியின் பின்கதவில் நசுங்கி உன் சுண்டுவிரல் போய் எத்தனை வருடம்! அந்த விரலைப் பார்த்ததும்தான் இது கனவு என்று எனக்குத் தெரிகிறது. தூக்கம் கலையாமல், கனவுக்குள்ளேயே விழித்துக்கொள்கிறேன். எப்போதும் இப்படித்தான் தொடங்குகிறது.

தெரிந்ததுமே உன் முகத்தைப் பார்த்து அழுதுவிடுவேன், கனவு கலைந்துவிடும். இதற்காகவே புத்தகம் தேடிப் படித்தேன். பதறக் கூடாதாம். உள்ளங்கைகளைத் தேய்க்க வேண்டுமாம், எதையாவது தொட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். நேற்று தேய்த்தேன். வண்டிக் கதவைத் தொட்டேன், வெயிலில் சுட்டது. கனவு கலையாமல் நின்றது. ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், "யக்கா, நாக்கு ஒட்டிக்கினு கீது, ஒரு முழுங்கு குடுக்கா" என்றாயே. அம்மா ஸ்பூனோடு வந்தாள். டாக்டர் எதுவும் கொடுக்கக் கூடாது என்றிருந்ததால் அவள் கையைப் பிடித்துவிட்டேன். "படிச்சவ சொல்றா, இருடா கண்ணு" என்று அம்மாவும் ஸ்பூனைக் கீழே வைத்தாள். உள்ளே போன நீ உயிரோடு வரவில்லை.

நம் வீட்டில் வாயில் தண்ணீர் விடாமல் யாரையும் அனுப்பியதில்லை. நான் செய்தது சரிதானா, சேகர்?

படையலில் அம்மா தவறாமல் சொம்பு வைக்கிறாள். ஆனாலும் நீ கனவில் வந்து, என் கையால் வாங்கிக் குடித்தால்தான் தாகம் தீரும் என்கிறாள்.

நேற்று நீ கை நீட்டினாய். சுண்டுவிரல் சொம்பில் பட்டது. "அழுவாதக்கா, தண்ணி சிந்தப் போவுது" என்றாய். நான் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தானா? குடிச்சானா?"

"குடிச்சான்மா."

"அண்ணாந்தா, வாய் வச்சா?"

"அண்ணாந்துதாம்மா."

"அதான பாத்தேன். அவன் எச்சில் பண்ண மாட்டான்" என்றாள். சாயங்காலம், எத்தனையோ நாளைக்குப் பிறகு, அவளாகவே டீ கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அந்தப் பொய்யை மெய்யாக்க நீ இன்னொரு முறை வர வேண்டும். வா. இந்த முறை என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். சொம்பு காலியாகும்வரை நிமிர மாட்டேன்.

உன் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அக்கா