நம் லயத்தில் பதினொரு நாடுகள்

சுகந்தியோட அப்பாவுக்கு, நீங்கள் எங்கே இருந்தாலும் நம் ஒழுகுகிற குழாயடி போல இல்லாமல் கால் நனையாத இடத்தில் இருக்க வேண்டும் என்று கும்பிட்டு எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் வருஷத் திதிக்கு அடிக்கிற நினைவு மலரில் போடப் போகிறார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு என்பது உங்களுக்குத் தெரியும், எழுத்துப் பிழையெல்லாம் சுகந்திதான் திருத்துகிறாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாய் ஒட்டிக்கிடக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் மொத்தமும் இதைப் படிக்கும். அதனால் அக்கம்பக்கத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்கிற சில விஷயங்களை இதில் எழுதவில்லை. அதை வழக்கம்போல உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் போன அதே வாரத்தில் சுகந்திக்குக் கெம்பஸில், அதுதான் பல்கலைக்கழகத்தில், பரீட்சை. மற்றதையெல்லாம் முன்னமே எழுதிவிட்டாள். விட்டுப்போனது ஒரே ஒரு பாடம், தென்கிழக்காசியாவின் நவீன அரசியல். அந்தப் பெயரை முதலில் கேட்ட அன்றைக்கு, "நம்ம லயத்து அரசியலே எனக்குப் புடிபடல, இவ கடல் தாண்டிப் போறாளா?" என்று சிரித்தீர்கள். மறுநாளே கொட்டகலைக்குப் போய்த் துணிக்கடை நானாவிடம், "மக வெளிநாட்டு மந்திரிக்குப் படிக்குது" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அவர் இன்றைக்கும் என்னைக் கண்டால், "மந்திரி எப்ப வாறாங்க?" என்றுதான் கேட்கிறார்.

விட்ட பாடத்தை எழுத இன்னொரு தவணை கொடுத்தார்கள். அதிலும் தவறினால் பட்டம் கிடையாது. பிள்ளை லீவில் வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்காருவாள். காலையில் திறந்த பக்கம் சாயந்தரமும் அதே பக்கமாக இருக்கும். ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மண்டையில ஏறல அம்மா. எந்த நாடு எங்க இருக்குன்னு பாக்குறப்பவே அப்பா மொகம் வந்துருது. நான் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போறேன்."

இந்த லயத்திலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் பிள்ளை. என்ன கேட்பது என்று தெரியாமல், "மொத்தம் எத்தனை நாடு?" என்று கேட்டேன்.

"பத்து. இப்பதான் அவங்க கூட்டத்துல திமோர சேத்தாங்க, பதினொண்ணு."

"நம்ம லயத்துல எத்தனை காம்பரா?" ஒரு காம்பராதானே நமக்கு ஒரு வீடு.

"பத்து." கொஞ்சம் யோசித்தாள். "ராசாத்தி அக்கா சைடுல தகரம் அடிச்சு இழுத்தது பதினொண்ணு."

அப்போதுதான் பல நாளைக்குப் பிறகு அவள் கண்ணில் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கே நாடு பிரித்துவிட்டோம். தன் வாசலில் யாரும் வெற்றிலை துப்பக் கூடாது என்று குச்சியோடு உட்கார்ந்திருக்கும் முனியம்மா அக்கா சிங்கப்பூர். எந்தப் பக்கம் போனாலும் அடுத்தவர் வாசலை மிதித்துத்தான் போக வேண்டிய நடுக் காம்பரா லாவோஸ், அதற்குக் கடல் இல்லையாம். வீட்டில் பாதிப் பேர் வெளிநாட்டு வேலையில் இருக்கும் லெட்சுமி வீடு பிலிப்பைன்ஸ். முனிச்சாமி என்று நாம் கும்பிடுகிற கல் தன் எல்லையில்தான் இருக்கிறது என்று வருஷக்கணக்காய் மல்லுக்கு நிற்கும் செல்வராணியும் பாப்பாத்தியும் தாய்லாந்து, கம்போடியா. தகரக் காம்பரா ராசாத்தி திமோர். அவள் நம் குழாயில் குடம் வைக்க லயமே ஒத்துக்கொள்வதற்கு இரண்டு வருஷம் ஆனதே என்றேன். "திமோருக்கு அதவிட நாளாச்சும்மா" என்றாள் சுகந்தி.

நம் காம்பரா இந்தோனேசியா. அந்த நாடுகளின் கூட்டத்துக்கு ஆபீஸ் ஜகார்த்தாவில் இருக்கிறதாம். லயத்துக் கூட்டம் எப்போதும் நடப்பது நம் இஸ்தோப்பில்தானே!

பிறகு அந்த நாடுகளின் கூட்டத்துச் சட்டத்தைப் படித்தாள். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் யாரும் தலையிடக் கூடாது. படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இது அப்பாவோட சட்டம்ல?" இத்தனை வருஷம் லயத்துத் தலைவராக நீங்கள் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? "எல்லாரும் தலையாட்டணும். ஒருத்தர் ஆட்டலன்னாலும் நாளைக்குப் பேசுவோம்." அந்த நாளைக்கு வராமலேதான் நம் பொதுக் குழாய் மூன்று வருஷமாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஒருத்தர் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இதுவரைக்கும் நல்லபடியாகத்தான் போனது. மறுநாள் நான் கொழுந்து பறிக்கப் போன பிறகு, மனதில் பதியட்டும் என்று சுகந்தி காகிதத்தில் நாட்டுப் பெயரை எழுதி ஒவ்வொரு காம்பராக் கதவிலும் ஒட்டிவிட்டாள்.

கதவில் யார் எந்தக் காகிதத்தை ஒட்டினாலும் நம் சனம் சும்மா இருக்குமா? சாயந்தரம் நான் மலையிலிருந்து இறங்கும்போது லயமே வாசலில் நின்றது. இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, ஆளைப் பிரித்து, பாதிச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிய காலம் வயசானவர்களுக்கு மறக்கவில்லை. லயத்திலேயே மூத்தவரான வீரையா மாமாவின் அண்ணன் குடும்பம் அப்படித்தான் தலைமன்னாரில் கப்பல் ஏறியது, திரும்பவில்லை. இப்போது வீட்டுக்கு ஒரு நாடு எழுதி ஒட்டியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

மாமா தகரப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்து, கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு என்னமோ வியட்நாமாம். அங்க தேயில இருக்கா பிள்ள?"

"இருக்கு தாத்தா" என்றாள் சுகந்தி.

"அப்ப சரி. குளிருமா?"

பாப்பாத்தி கத்தினாள்: "நான் போறதுன்னா போறேன், ஆனா இந்த செல்வராணிக்குப் பக்கத்து நாடு வேணாம்!"

எல்லாரும் பழக்கத்தில் நம் இஸ்தோப்புக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் போன பிறகு அதுதான் முதல் கூட்டம். எல்லாருடைய கண்ணும் உங்கள் நாற்காலி மேல். யாரும் அதில் உட்காரவில்லை. என்ன செய்ய, நான்தான் உட்கார்ந்தேன். "யாரையும் எங்கயும் அனுப்பல. எம்மக பரீட்சைக்குப் படிக்குது" என்றேன். மாமா பெட்டியின் கயிற்றை அவிழ்க்கவே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்துச் சுகந்தி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "போகுது விடு பிள்ள, தேயில இருக்குன்னு சொன்னியே, அதுவே போதும்" என்று அவர் தலையைத் தடவினார்.

அத்தோடு விட்டார்களா? "அப்ப சிங்கப்பூர எனக்குக் குடு" என்று ஆரம்பித்தார்கள். முனியம்மா அக்கா குச்சியைத் தூக்கிக்கொண்டு எழுந்த பிறகுதான் அடங்கினார்கள்.

மறுநாளிலிருந்து சாயந்தரம் ஆனால் பெரட்டு. காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மாதிரியே சுகந்தி நாட்டைக் கூப்பிடுவாள். அவரவர் எழுந்து தன் நாட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். "மலேசியா!" என்றால், "வந்துட்டேன், அடுப்புல சோறு" என்று குரல் வரும். உண்மையிலேயே தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் ஒரு பழைய கோயிலை வைத்துத்தான் தகராறு என்றதும் எல்லாரும் சிரித்தோம். அங்கே சுட்டுக்கொண்டு ஆட்கள் செத்தார்கள் என்று அவள் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் முனிச்சாமிக்குப் பாப்பாத்தி விளக்கு வைத்தாள், செல்வராணி எண்ணெய் ஊற்றினாள். மூன்றாம் நாள் மறுபடி சண்டைதான், ஆனால் சத்தம் கொஞ்சம் குறைவு.

பரீட்சையில் உங்கள் சட்டத்தையே கேட்டுவிட்டார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பது பலமா, பலவீனமா? அவள் எழுதினாளாம்: வேலை ஆக நாளாகும், சில நேரம் நடக்காமலே போகும், ஆனால் கூட்டத்தை விட்டு யாரும் எழுந்து போவதில்லை. எழுதும்போது நீங்கள் கண்முன்னால் வந்தீர்களாம். இந்தத் தடவை அது தொந்தரவாக இல்லையாம்.

பாஸ் ஆகிவிட்டாள், சுகந்தியோட அப்பா. கொட்டகலைக்குப் போய் முடிவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் பண்ணினாள். லயத்தில் ஒவ்வொரு வீடும் "எங்க நாட்டாலதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்தக் குழாய் விஷயம். ஒழுகுகிறதைச் சரிபண்ணி நடு வாசலுக்கு நகர்த்தலாம் என்று பத்து வீடும் தலையாட்டியும், நம் வாசலை விட்டுப் போகக் கூடாது என்று பிடிவாதமாய் நின்ற அந்த ஒருத்தி நான்தான். பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்காமல் மூன்று வருஷம் ஊரிடம் "நாளைக்குப் பேசுவோம்" என்றீர்கள். எத்தனை பேச்சுக் கேட்டீர்களோ!

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் தலையாட்டிவிட்டேன். உங்கள் திதிக்கு முன்னால் குழாய் நடு வாசலில் இருக்கும். இனி இந்த நாற்காலியில் நான் உட்காருகிற வரைக்கும், கடைசித் தலை ஆடும் மட்டும் காத்திருப்பேன், அது என் தலையாக இருக்காது. இது சத்தியம்.

மற்ற வீட்டுக் கதவுக் காகிதங்களைக் கிழித்தாகிவிட்டது. வீரையா மாமா மட்டும் தன்னுடையதை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். நம்முடையது கதவிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஜகார்த்தாவிலிருந்து,
உங்கள் சுகந்தியோட அம்மா